நாலு மணி டம்ளரில் என்ன வைப்பது?

வாசகர் கேள்வி, டாக்டர் பதில். இந்த முறை கூண்டுப் பறவைகள்.

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் கணவர் 2003ல் குஞ்சாக வாங்கி வந்த ஆப்பிரிக்கன் கிரே கிளி எங்கள் வீட்டில் இருக்கிறது. பெயர் சிங்காரம். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. சிங்காரம் இன்னும் அவர் குரலிலேயே நாலு மணி ஆனால் “சரோ, காபி” என்று கூப்பிடும். அவர் இருந்தவரை தன் டம்ளரில் பிஸ்கட்டை நனைத்துக் கொடுப்பார், நானும் அதையே செய்கிறேன். மற்றபடி இத்தனை வருடமாக அது தின்றதெல்லாம் சூரியகாந்தி விதையும் வேர்க்கடலையும்தான், கிண்ணம் காலியானால் நிரப்பிவிடுவோம். போன மாதம் அலகு நீளமாக வளர்ந்துவிட்டது, அடிக்கடி தும்மல் வேறு, டாக்டரிடம் கொண்டுபோனேன். எடை 530 கிராம், ஈரலில் கொழுப்பு, ரத்தத்தில் கால்சியம் குறைவு, வைட்டமின் ஏ பற்றாக்குறை என்று சொல்லி பெல்லட் என்கிற கடை உருண்டைத் தீவனத்துக்கும் காய்கறிக்கும் மாற்றச் சொன்னார். விதையை எடுத்துவிட்டு பெல்லட் வைத்தேன். இரண்டு நாள் தொடவே இல்லை, இறகை உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டது, மனசு கேட்காமல் பழையபடி விதையே போட்டுவிட்டேன். பசித்தால் தானாகச் சாப்பிடும், இளகாதே என்கிறான் பெங்களூரில் இருக்கும் மகன். வயசான கிளியை இப்படி வதைக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அம்மா, முதலில் ஒன்று. இரண்டாம் நாள் விதையைத் திருப்பிப் போட்டீர்களே, அது சரியான காரியம். மகன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். நாய்க்கு அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரலாம், கிளிக்கு ஒத்துவராது. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள், சிங்காரத்தின் விஷயம் அதையும் தாண்டியது, ஏனென்றால் கிண்ணத்தில் இருக்கும் அந்த பழுப்பு உருண்டை சாப்பிடுகிற பொருள் என்பதே அதற்குத் தெரியாது. உங்களுக்கு யாராவது ஒரு தட்டில் கூழாங்கல்லை வைத்து, பசித்தால் சாப்பிடுங்கள் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அது பார்க்கிறது. காட்டில் பிறக்கும் கிளிக்குஞ்சு எது தின்னக்கூடியது என்பதைத் தாயும் கூட்டமும் தின்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. சிங்காரத்துக்குத் தாயும் கூட்டமும் நீங்கள் இருவரும்தான், நீங்கள் இத்தனை வருடமாகக் காட்டிக்கொடுத்த உணவு விதையும் கடலையும் காபியில் நனைத்த பிஸ்கட்டும். ஆக, அது பிடிவாதம் பிடிக்கவில்லை, நீங்கள் கற்றுக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்கிறது. காலிக் கிண்ணத்தின் முன் இலவு காத்த கிளியாக விதை வருமென்று உட்கார்ந்தே உயிரை விட்டுவிடும், பக்கத்தில் பெல்லட் நிறைய இருந்தாலும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதோடு நிற்கவில்லை. கல்லூரி முடித்த புதிதில் என் வீட்டில் காக்டெய்ல் என்கிற சின்னக் கிளி ஒன்று இருந்தது, மஞ்சள் கொண்டை, ஆண். பறவை விற்கும் ஒருவர் விதையை ஒரேயடியாக நிறுத்துங்கள், மூன்றே நாளில் வழிக்கு வரும் என்றார், நானும் செய்தேன். காலையில் பார்த்தால் கிண்ணத்தில் பெல்லட் நொறுங்கித் தூளாகக் கிடக்கும், அப்பாடா, சாப்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அது கடித்து உதிர்த்ததே தவிர விழுங்கவில்லை. தட்டில் எச்சம் குறைந்திருந்ததை நான் பார்க்கவில்லை, எடை போடவில்லை. நான்காம் நாள் காலை கூண்டின் அடியில் கிடந்தது. கையில் எடுத்தபோது நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி குத்தியது, அந்தத் தொடுகை இன்னும் விரலில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆனால் மாற்றித்தான் ஆக வேண்டும், அதில் உங்கள் டாக்டர் சொன்னது முழுக்கச் சரி. சூரியகாந்திப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம், வைட்டமின் ஏ என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. கொழுப்பு ஈரலில் படிந்து ஈரல் கெட்டால் அலகு இப்படிக் கண்டபடி வளரும். வைட்டமின் ஏ இல்லாவிட்டால் மூக்கு, வாய், தொண்டை இவற்றின் உள்தோல் தடித்து, கிருமி சுலபமாக உட்கார்ந்துகொள்ளும், தும்மலுக்கு அது ஒரு காரணம். கால்சியம் குறைவது ஆப்பிரிக்கன் கிரேயின் தனிப்பட்ட பலவீனம், மற்ற கிளிகளைவிட இதற்கு அது சீக்கிரம் வரும். கை கால் உதறுவது போல நடுங்கும், உட்கார்ந்த கட்டையிலிருந்து திடீரென்று விழும், வலிப்பு வரும். அப்படி ஒன்றைப் பார்த்தால் இரவு பத்து மணி என்றாலும் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் இந்தக் கிளி விரும்பித் தின்பது எண்ணெய்ப்பனையின் சிவந்த பழம். அந்தச் சிவப்பே கரோட்டின்தான், அதிலிருந்துதான் உடம்பு வைட்டமின் ஏ செய்துகொள்கிறது. நம் ஊரில் அந்த வேலையைச் செய்ய கேரட், மஞ்சள் பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, முருங்கைக்கீரை, பழுத்த சிவப்பு மிளகாய் எல்லாம் இருக்கின்றன.

வயசாகிவிட்டதே என்று தயங்காதீர்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஆப்பிரிக்கன் கிரே 40, 50 வருடம் இருக்கும், சிங்காரம் பாதி வழியில்தான் நிற்கிறது. வயசான கிளிக்கு ஒன்று மட்டும் கூடுதலாக வேண்டும், அவகாசம். குறைந்தது மூன்று மாதம், ஆறு மாதம் ஆனாலும் ஆகட்டும் என்று மனதில் முடிவு செய்துகொண்டு தொடங்குங்கள்.

கடையில் முதலில் வாங்க வேண்டியது பெல்லட் பொட்டலம் அல்ல, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. அதன்மேல் சிங்காரம் ஏறி உட்காரும் ஒரு சின்னக் கட்டையை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, தினமும் காலையில் முதல் எச்சம் போட்டபிறகு, சாப்பாட்டுக்கு முன்னால் எடை பாருங்கள். சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டர் தாளிலேயே அன்றைய எடையை எழுதிவிடுங்கள். ஐந்து பத்து கிராம் ஏறி இறங்குவது சகஜம். 530லிருந்து ஒரே வாரத்தில் 505க்குக் கீழே வந்தால் ஒரு படி பின்னால் போய் விதையைக் கொஞ்சம் கூட்டுங்கள். 480க்கு இறங்கினால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அது எதைத் தின்னுமோ அதைக் கொடுத்து, டாக்டரைப் பாருங்கள். அதன் உடம்பில் குறைய வேண்டிய கொழுப்பு இருக்கிறது, உண்மைதான், ஆனால் மாதக்கணக்கில் மெதுவாகக் குறைய வேண்டும். கொழுத்த ஈரல் உள்ள பறவை திடீரென்று பட்டினி கிடந்தால், ஒல்லியான பறவையைவிட அதற்குத்தான் ஆபத்து அதிகம்.

எடையோடு எச்சத்தையும் பாருங்கள். கூண்டின் அடியில் தினம் புதுச் செய்தித்தாள் விரியுங்கள். நல்ல எச்சத்தில் பச்சையோ பழுப்போ ஒரு சுருள், மேலே வெள்ளைப் பசை, சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் என்று மூன்றும் இருக்கும். சுருள் சிறுத்து, கரும்பச்சையாக, பிசுபிசுவென்று, எண்ணிக்கையும் குறைந்தால் வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை என்று அர்த்தம், கிண்ணம் என்ன காட்டினாலும் சரி. ஒரு முழு நாள் எதுவும் தின்னவில்லை என்று தெரிந்தால் அன்றே டாக்டர். காய் தின்ன ஆரம்பித்த பிறகு தண்ணீர் கூடுதலாகத் தெரியும், பெல்லட்டுக்கு மாறினால் நிறம் பழுப்பாகும், பீட்ரூட் கொடுத்தால் சிவப்பாகவே வரும், இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

சரி, இனி சாப்பாடு. முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், நாள் முழுக்க நிறைந்து கிடக்கும் கிண்ணத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். தோலை ஊதித் தள்ளிவிட்டு, அது ஒரு நாளைக்கு உண்மையில் எவ்வளவு விதை தின்கிறது என்று மூன்று நாள் நிறுத்துப் பாருங்கள். அதே அளவைக் காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்று பிரித்துக் கொடுங்கள். அதற்குப் பசி, சாப்பாட்டு நேரம் என்று இரண்டும் இப்போதுதான் தெரியவரும். வேர்க்கடலையை அடியோடு நிறுத்தலாம், ஈரம்பட்ட கடலையில் பூஞ்சணம் பிடித்து வரும் நஞ்சு ஈரலைத்தான் நேராகத் தாக்கும், சிங்காரத்தின் ஈரல் ஏற்கனவே களைத்துப்போயிருக்கிறது.

இரண்டாம் வாரம் அதே விதையை ஊறவைத்துக் கொடுங்கள். இரவு ஊறப்போட்டு, காலையில் நாலைந்து முறை அலசி, வடித்து. ஈரமான பொருளும் சாப்பாடுதான் என்று அதற்குப் புரியவைக்கும் படி இது, பலர் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள், அங்கேதான் சறுக்குகிறது. ஊறிய விதையைத் தின்னப் பழகியதும் கேரட்டையும் பூசணியையும் விதை அளவுக்குப் பொடியாக நறுக்கி, முருங்கைக்கீரையைக் கிள்ளிப்போட்டுக் கையால் பிசறிவிடுங்கள். ஈர விதையில் காய்த்துணுக்கு ஒட்டிக்கொள்ளும், விதையை எடுக்கும்போது அதன் ருசியும் நாக்கில் படும். முளைகட்டிய பச்சைப்பயறு, வேகவைத்த கொண்டைக்கடலை, வெந்த ராகி எல்லாம் சேர்க்கலாம், உப்பு மட்டும் கூடாது. ராஜ்மா மாதிரிப் பெரிய பயறுகளைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ கொடுக்கவே கூடாது. வாரத்துக்கு வாரம் விதையை ஒரு ஸ்பூன் குறைத்துக் காயை ஒரு ஸ்பூன் கூட்டுங்கள். சேலத்து வெயிலில் இந்த ஈரக் கலவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, சித்திரை வைகாசியில் அதற்குள்ளேயே புளித்த வாடை வந்துவிடும், மிச்சத்தை எடுத்துக் கொட்டிவிடுங்கள்.

பெல்லட்டை இந்த நேரத்திலேயே மிக்சியில் தூளாக்கி, ஈரக் கலவையின் மேல் திருநீறு தூவுவது மாதிரி கொஞ்சம் தூவ ஆரம்பிக்கலாம். ஒரு மாதம் கழித்துத் தூளுக்குப் பதில் வெந்நீரில் நனைத்த குறுணை, பிறகு முழுசு. முழு பெல்லட்டை அது விழுங்குகிறது என்று எடையும் எச்சமும் சொன்ன பிறகுதான் காலைக் கிண்ணத்தில் அதை முதலில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து மற்றதை வைக்க வேண்டும். கடைசியில் பாதிக்குமேல் பெல்லட், மீதியில் பெரும்பங்கு காயும் கீரையும், கொஞ்சம் பழம், பரிசாகக் கையில் கொடுக்க நாலு விதை என்று நின்றால் போதும். பெல்லட் விலை கூடுதல்தான், அதனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று பெரிய பையாக வாங்கி வைக்காதீர்கள், தேதி பார்த்துச் சின்னதாக வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பெல்லட் தின்ன ஆரம்பித்தபின் தண்ணீரில் வைட்டமின் சொட்டு மருந்து கலக்க வேண்டாம், அளவு மிஞ்சும், ருசி மாறினால் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடும்.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் எல்லாவற்றையும்விட வேலை செய்வது நீங்கள் அதன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவது. ஒரு தட்டில் வேகவைத்த கேரட்டை வைத்துக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், அதைக் கண்டுகொள்ளாதீர்கள், ரசித்துத் தின்னுங்கள். முதலில் ஒரு கண்ணைத் திருப்பிப் பார்க்கும், கருமணி சுருங்கி விரியும், கழுத்தை நீட்டி ஓரடி பக்கவாட்டில் நகரும். அப்போதும் கொடுத்துவிடாதீர்கள். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ ஒரு துண்டை நீட்டினால் வாங்கி, உருட்டிப் பார்த்து, தூக்கி எறியும். எறிந்தால் சந்தோஷப்படுங்கள், அலகில் எடுத்துவிட்டது என்றால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. முருங்கைக்கீரையை ஒரு கொத்தாக ஈரத்தோடு கூண்டின் மேல்கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் அதில் உரசிக் குளிக்கும், கிழிக்கும், கிழிக்கும்போதே கொஞ்சம் உள்ளே போகும். பழுத்த மிளகாய் கொடுக்கத் தயங்க வேண்டாம், மிளகாயின் காரத்தை உணரும் அமைப்பு பறவைகளுக்கு நம்மைப் போல இல்லை, நமக்குக் கண்ணில் தண்ணீர் வரவைப்பது அதற்கு வெறும் பழம். கோவைப்பழம் வேலியில் கிடைத்தால் கழுவிக் கொடுங்கள், கிளி மூக்குக்கு அதை உவமை சொன்ன ஊர்தானே நம்முடையது.

இப்போது நாலு மணி விஷயத்துக்கு வருகிறேன். காபி வேண்டாம் அம்மா, ஒரு சொட்டும் வேண்டாம். காபியில் உள்ள கஃபீன் பறவையின் இதயத்துக்கு ஆகாது, பாலில் உள்ள சர்க்கரை அதற்குச் செரிக்காது, பிஸ்கட் வெறும் மாவும் கொழுப்பும். ஆனால் அந்த நாலு மணியை நிறுத்தாதீர்கள். “சரோ, காபி” என்று அது கூப்பிடும்போது நீங்கள் போகாமல் இருந்தால் அது இன்னொரு முறை அவரை இழந்த மாதிரி ஆகும், அதற்கும் உங்களுக்கும். அவருடைய அதே டம்ளரை எடுங்கள், அதே நாற்காலியில் உட்காருங்கள். உள்ளே வெதுவெதுப்பாக மசித்த மஞ்சள் பூசணியோ சர்க்கரைவள்ளிக் கிழங்கோ இருக்கட்டும், கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, முதல் வாய் நீங்கள் சாப்பிடுங்கள், இரண்டாவதை ஸ்பூன் நுனியில் நீட்டுங்கள். அது கேட்பது காபியின் ருசியை என்று எனக்குத் தோன்றவில்லை, அந்த நேரத்தையும் அந்த டம்ளரையும் கேட்கிறது. என்னிடம் வந்த வயசான கிளிகளில் பல, கிண்ணத்தில் தொடாத காயை முதன்முதலில் தின்றது இப்படிப் பழகிய கையிலிருந்தும் பழகிய பாத்திரத்திலிருந்தும்தான்.

இன்னும் இரண்டு. காலை வெயிலில் அரை மணி நேரம் கூண்டை வெளியே வையுங்கள், பாதிக் கூண்டில் நிழல் விழும்படி, பூனையும் காக்காயும் வராதபடி பக்கத்திலேயே இருங்கள். கால்சியத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வெயில் வேண்டும், ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தச் சத்துக்கான கதிர் வடிந்துபோய்விடும். அடுத்தது, ஆப்பிரிக்கன் கிரே வைத்திருப்பவர்கள் 2024ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், மகனிடம் இந்த வேலையைக் கொடுங்கள். ஆறு வாரம் கழித்து காலண்டர் தாள்களோடு மறுபடி ரத்தப் பரிசோதனைக்குப் போய்வந்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் 14 வயது காக்டெய்ல் ஜோடி இருக்கிறது. தினை மட்டுமே தின்னும். தோட்டத்தில் பட்டர் ஃப்ரூட் கொட்டிக் கிடக்கிறது, மனிதர்களுக்கு அவ்வளவு நல்லது என்கிறார்களே, அதிலிருந்து ஆரம்பிக்கலாமா?
— ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: கூடவே கூடாது. நல்லவேளை, கொடுப்பதற்கு முன்னால் கேட்டீர்கள். பட்டர் ஃப்ரூட்டில் பெர்சின் என்று ஒரு பொருள் இருக்கிறது, நமக்கு ஒன்றும் செய்யாது, கிளி வகைகளுக்கு இதயத் தசையைக் கெடுத்து, மூச்சுத் திணறி, ஓரிரு நாளில் உயிரே போய்விடும். பழம் மட்டுமல்ல, இலை, பட்டை, கொட்டை எல்லாவற்றிலும் இருக்கிறது, அதனால் அந்த மரத்துக் கிளையைக் கூண்டில் உட்காரும் கட்டையாகவும் வைக்காதீர்கள். கொய்யாக் கிளை வையுங்கள், கடித்தாலும் நல்லது. காபிப் பழமும் வேண்டாம். உங்கள் தோட்டத்துக் கொய்யா கொடுக்கலாம், ஆரஞ்சு ஒரு சுளையில் பாதி கொடுக்கலாம்.

மாற்றும் முறை மேலே சொன்னதுதான், ஆனால் காக்டெய்ல் 80, 100 கிராம்தான் இருக்கும், எட்டு கிராம் குறைந்தாலே அபாயம், எனவே தராசு துல்லியமாக இருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாக நிறுங்கள். ஒன்று நன்றாகத் தின்று மற்றொன்று பட்டினி கிடப்பது ஜோடிக் கூண்டில் வெளியே தெரியவே தெரியாது. மார்கழி, தை மாதங்களில் ஆரம்பிக்காதீர்கள், மலைக் குளிரில் உடம்புச் சூட்டைக் காக்கவே வயசான பறவைக்குத் தீனி போதாது, மாசி பிறக்கட்டும். குளிருக்காகக் கரி அடுப்பை அந்த அறையில் வைப்பது, பக்கத்தில் நான்ஸ்டிக் வாணலியைக் காயவைப்பது இரண்டும் வேண்டாம், அதிகம் சூடான நான்ஸ்டிக்கின் புகை பறவையை நிமிடக்கணக்கில் கொன்றுவிடும்.

கேள்வி: மாமாவுக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. முட்டைக்கோழித் தீவனமும் பெல்லட்தானே, அதையே என் கிளிக்குப் போட்டால் என்ன என்கிறார். விலையும் மிச்சம்.
— ஒரு வாசகி, மல்லூர்

பதில்: தினம் முட்டையிடும் கோழிக்கு ஓடு உருவாக வேண்டும் என்பதால் அந்தத் தீவனத்தில் நூற்றுக்கு மூன்றரை, நாலு பங்கு கால்சியம் இருக்கும். முட்டையிடாத கிளிக்கு ஒரு பங்கே அதிகம். தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் போய்விடும். பெல்லட் வாங்க முடியவில்லை என்றால் வெந்த தானியம், பயறு, கீரை, காய் என்று கலந்து கொடுங்கள், கடித்துக்கொள்ள ஒரு கணவாய் ஓடு கூண்டில் மாட்டுங்கள். ஒரு முறை டாக்டரிடம் காட்டி அளவு கேட்டுக்கொண்டால் மாமாவின் மூட்டை தேவைப்படாது.

கேள்வி: 15 வருடமாகப் பச்சைக்கிளி வளர்க்கிறோம். சாதமும் முறுக்கும்தான் சாப்பிடும். எப்படி மாற்றுவது?
— ஒரு வாசகர், ஆத்தூர்

பதில்: வருத்தத்தோடுதான் சொல்கிறேன், நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருக்க 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமில்லை. பலருக்கு இது தெரியாது, உங்களுக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். வனத்துறை அலுவலகத்தில் பேசி முறையாக ஒப்படையுங்கள். பயந்துபோய் நீங்களாகத் திறந்து பறக்கவிட்டுவிடாதீர்கள், 15 வருடம் கூண்டில் இருந்த பறவைக்குப் பறக்கவும் தெரியாது, இரை தேடவும் தெரியாது, மாலைக்குள் பூனை வாயில் போய்விடும். ஒப்படைக்கும்வரை முறுக்கையும் உப்பையும் நிறுத்தி, சாதத்தோடு கொய்யாவும் நறுக்கிய கீரையும் கலந்து கொடுங்கள், இப்போது அது என்ன தின்கிறது என்பதை எழுதி வனத்துறையினரிடம் கையில் கொடுங்கள், அங்கே முதல் வாரம் அது பட்டினி கிடக்காமல் இருக்க அந்தச் சீட்டு உதவும்.

கேள்வி: மாம்பழ சீசனில் கிளிக்கு மல்கோவா கொடுக்கலாமா? சன் கன்யூர், வயது 11.
— ஒரு கல்லூரி மாணவி, சூரமங்கலம்

பதில்: தாராளமாக. தோலைச் சீவிவிட்டு, கட்டைவிரல் நகம் அளவில் ஒரு துண்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள். சர்க்கரை அதிகம் என்பதால் அதற்கு மேல் வேண்டாம், காய் தின்று முடித்த பிறகே கொடுங்கள், முன்னால் கொடுத்தால் காயைத் திரும்பிப் பார்க்காது. தின்றதும் அலகையும் கம்பியையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் எறும்பு வரிசை கட்டிவிடும்.